வருமுன் கண்ட அறிஞர் லியோ சிலார்டு

தோற்றுவாய்

ஏரிக்கரை உடைந்த பின்னர் ஓடிவந்து மண் கொட்டுவோரை ஊரார் அனைவரும் அறிவர். கோடையிலேயே கரையைச் சுற்றி நடந்து, நண்டு வளை கண்ட இடத்தை அடைத்துவிட்டுப் போனவனை எவரும் அறியார். கரை உடையாமையின் அவன் செய்த பணியும் புலப்படுவதில்லை. ஓர் ஊருக்கு வரும் கேட்டைக் காப்போன் நிலையே இதுவாயின், உலகம் முழுமைக்கும் வரத்தக்க பேரழிவை முன்னரே கண்டு தடுக்க முயல்வோர் நிலை எத்தகையதாகும்? அவர்கள் நாள்தோறும் நினைப்பது அழிவையே. இடைவிடாது அஞ்சினால் உள்ளம் உடைந்துபோம். அச்சத்தை அறவே மறந்தாலோ பணி நின்றுபோம். கேடு பெரிது, தம் கை சிறிது என்னும் எண்ணமும் அவர்களை ஓயாது தளர்த்தும். இவற்றினிடையே ஒருவர் தம் மனத்தை எங்ஙனம் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்? இவ்வினாவிற்கு விடை தேடுவார்க்கு லியோ சிலார்டு என்னும் பௌதிக அறிஞரின் வாழ்க்கை பெரிதும் துணை செய்யும் என்பது எமது கருத்து. அவர் குற்றமற்ற முனிவரல்லர். பேரழிவைத் தடுக்க முயன்றவரும் அவரே, அப்பேரழிவுக்குரிய கருவி பிறக்கக் காரணமானோருள் ஒருவரும் அவரே. அதனாலேயே அவர் வரலாறு நமக்குப் பயன்படுவதாகின்றது. ஈண்டு அதனைச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

சிலார்டு ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில் 1898-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 11-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பொறியியல் வல்லுநர். குடும்பம் யூதக் குடும்பம். மூன்று மக்களுள் இவரே மூத்தவர். அன்னையார் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவதில் விருப்பமுடையவர். அவர் சொன்ன கதைகளுள் ஒன்று சிலார்டின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அவருடைய பாட்டனார் பள்ளியிற் பயின்ற காலத்தில், ஆசிரியர் இல்லாத வேளையில் ஒழுங்கு தவறும் மாணவர் பெயர்களைக் குறித்துக் கொடுக்கும் பொறுப்பு அவரிடம் விடப்பட்டிருந்தது. ஒரு நாள் மாணவர் சிலர் வகுப்பை விட்டு வெளியேறினர். பாட்டனாரும் அவர்களோடு சென்றார். பின்னர் ஆசிரியர் கேட்டபோது அவர் கொடுத்த பட்டியலில் அவருடைய பெயரும் இருந்தது. உண்மையினிடத்துத் தாம் கொண்ட பற்று அன்னையாரின் இத்தகைய கதைகளினின்று வந்ததே எனச் சிலார்டு முதுமையிலும் நினைவு கூர்ந்தார்.

பத்து வயதில் அவர் படித்த நூலொன்றும் குறிப்பிடத்தக்கது. இம்ரே மடாச் என்னும் ஹங்கேரியப் புலவர் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய மனிதனின் துன்பியல் என்னும் நாடகமே அது. அதில் சாத்தான் ஆதாமுக்கு மனிதகுலத்தின் வருங்கால வரலாறு முழுவதையும் கனவாகக் காட்டுகின்றான். ஈற்றில் கதிரவன் ஒளி குன்றி, உலகம் குளிர்ந்து, பனிநிலத்து வேடர் சிலரே எஞ்சி நிற்கின்றனர். அவர்களுக்கும் ஆள் மிகுதி, உண்ணக் கிடைக்கும் கடல்நாய் குறைவு என்னும் கவலை தீரவில்லை. பத்து வயதுச் சிறுவனை நடுங்கச் செய்யத்தக்க காட்சி இது. ஆயின் சிலார்டு அதிலிருந்து பெற்றது வேறு. எத்துணைத் துயரமான முடிவை அறிவு முன்னறிந்து சொல்லினும், அதன் பின்னும் நம்பிக்கைக்கு ஒரு சிறிய இடைவெளி எஞ்சுகின்றது என்றும், மனிதர் கருத்தைச் செலுத்த வேண்டியது அவ்விடைவெளியிலே என்றும் அவர் உணர்ந்தார். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் இதனையே வித்தாகக் கருதலாம்.

கல்வியும் அலைச்சலும்

கணிதத்தில் நாட்டளவிற் பரிசு பெற்ற அவர், முதல் உலகப் போரில் 1917-ஆம் ஆண்டு படையிற் சேர்க்கப்பட்டார். அவருடைய படைப்பிரிவு போர்முனைக்குச் செல்லுமுன் அவர் நச்சுக் காய்ச்சலால் வீடு திரும்ப நேர்ந்தது. சென்ற தோழருட் பெரும்பாலார் மீளவில்லை. போர் முடிந்தபின் ஹங்கேரியில் யூதர்மேற் பகைமை மூண்டது. 1919-ஆம் ஆண்டில் சிலார்டும் அவர் தம்பியாரும் கால்வின் மரபுச் சபையிற் சேர்ந்தனர். ஆயினும் சர்வகலாசாலை வாயிலில் நின்ற மாணவர் கூட்டம் அவர்களைப் படியேற விடாது தடுத்து விரட்டியது. கிறிஸ்துவின் பெயரைத் தரித்தவராகிய நாம் இந்நிகழ்ச்சியைப் படிக்குங்கால் நாணித் தலைகுனியவே வேண்டும். பிற்காலத்தில் அவர் சமயக் கொள்கைகளில் ஐயமுடையவராகவே வாழ்ந்தமைக்கு அம்மாணவர் தாமும் ஓரளவு பொறுப்பாவர் என எண்ண இடமுண்டு.

பின்னர் அவர் பெர்லின் சென்று, மாக்ஸ் வான் லாவே என்பாரிடம் பயின்று 1922-ஆம் ஆண்டு பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆங்கு ஐன்ஸ்டைன் அவருக்கு நண்பரானார். குளிர்ப்பெட்டியினின்று கசிந்த நச்சுவாயுவால் பெர்லினில் ஒரு குடும்பம் மாண்டது என்னும் செய்தியைப் படித்த இருவரும், கசிவதற்கு இடமில்லாத குளிர்ப்பெட்டி ஒன்றை அமைக்கப் பல ஆண்டுகள் முயன்று காப்புரிமைகளும் பெற்றனர். பெரிய கேட்டைப் பின்னாளில் எதிர்த்தவர், சிறிய கேட்டையும் அற்பமென்று தள்ளவில்லை.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், 1933-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சிலார்டு தம் அறையில் இரண்டு பெட்டிகளைக் கட்டிப் பூட்டி ஆயத்தமாக வைத்திருந்தார். நாகரிகமுள்ள ஜெர்மானியர் இதனைப் பொறுக்கமாட்டார் என்று பலர் ஆறுதல் கூறிக்கொண்டிருந்தனர். மார்ச்சுத் திங்கள் இறுதியில் அவர் வியன்னாவுக்கு இரயிலேறினார். வண்டி ஏறத்தாழ வெறுமையாயிருந்தது. மறுநாள் அதே வண்டி நிரம்பி வழிந்தது. எல்லையில் அது நிறுத்தப்பட்டுப் பயணிகள் ஆராயப்பட்டனர். பிறரினும் பேரறிவு வேண்டுவதில்லை, ஒரு நாள் முந்தினாற் போதும் என்பதே இதனால் அவர் கற்ற பாடம்.

தாம் தப்பியதோடு அவர் அமையவில்லை. வியன்னாவிற் பெவரிட்ஜ் என்னும் ஆங்கில அறிஞரைக் கண்டு, வேலை நீக்கப்பட்ட பேராசிரியர்களுக்குப் புகலிடம் தேடும் கழகம் ஒன்று இலண்டனில் அமையத் துணைபுரிந்தார். தமக்கு நிலையான வேலை இல்லாதபோதே பிறருக்கு வேலை தேடி, ஊதியமின்றி ஊரூராகச் சென்றார்.

தெருவில் தோன்றிய எண்ணம்

1933-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள். அணுவைப் பிளந்து ஆற்றல் பெறலாம் என்பது வீண்கனவு எனப் பேரறிஞர் ரதர்போர்டு பேசியதாகச் செய்தித்தாளிற் கண்ட சிலார்டு, அதனைச் சிந்தித்தவாறே இலண்டன் நகரின் தெருவொன்றில் நடந்தார். விளக்குச் சைகைக்காக நின்று, பச்சை தோன்றியதும் தெருவைக் கடக்கையில் அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. ஒரு நியூட்ரான் ஓர் அணுவை உடைக்க, அவ்வணுவினின்று இரண்டு நியூட்ரான்கள் வெளிப்படுமாயின், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும், கண்ணிமைக்குமுன் கணக்கற்ற அணுக்கள் உடைந்து பேராற்றல் வெளிப்படும். இதுவே சங்கிலித் தொடர் வினை எனப்படுவது. அதனைப் பெருஞ் செல்வத்துக்கு வழியாக மட்டும் அவர் காணவில்லை. பெருங்குண்டுக்கு வழியாகவும் கண்டார். ஆகவே 1934-ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1936-ஆம் ஆண்டில் அதனைப் பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்புவித்து மறைபொருளாக வைக்கச் செய்தார்.

எந்தத் தனிமத்தில் இவ்வினை நிகழும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஐந்தாண்டுகள் முயன்றும் பயன் காணாது, 1938-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், காப்புரிமையைக் கைவிடலாம் எனக் கடற்படைத் துறைக்கு எழுதினார். அதே திங்களில் பெர்லினில் ஹான், ஸ்டிராஸ்மன் என்னும் இருவர் செய்த சோதனையில் யுரேனிய அணு பிளவுபட்டிருந்தது! செய்தி எட்டியதும் தம் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டா எனத் தந்தியடித்தார். 1939-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள், நியூயார்க்கிற் கொலம்பியா சர்வகலாசாலையில், கடன் வாங்கிய பணத்தால் அமர்த்திய ரேடியத்தைக் கொண்டு அவரும் வால்டர் சின் என்பாரும் சோதனை நடத்தினர். கருவியின் திரையில் ஒளிப்பொறிகள் தோன்றின. பிளவுறும் யுரேனியம் நியூட்ரான்களை வெளிவிடுகின்றது என்பதற்கு அவையே சான்று. வெற்றி பெற்ற ஆராய்ச்சியாளன் மகிழ்ந்து ஆடவேண்டிய அவ்விரவில், உலகம் துயரத்தை நோக்கிச் செல்கின்றது என்னும் எண்ணத்தோடு அவர் வீடு திரும்பினார்.

அறமும் இக்கட்டும்

இனி அவர் செய்ததை ஆராய்வாம். ஆராய்ச்சி முடிவுகளை வெளியிடாது வைக்குமாறு அறிஞர்களை வேண்டினார். பிரான்சு நாட்டு ஜோலியோ குழுவினர் இசையாமையின் அம்முயற்சி முறிந்தது. ஹிட்லர் கையில் அணுகுண்டு முதலிற் கிட்டுமாயின் உலகின் கதி யாது என்னும் அச்சம் அவரை உறங்கவொட்டாது செய்தது. 1939-ஆம் ஆண்டு கோடையில் நண்பர் விக்னரோடு லாங் ஐலண்டுக்குக் காரிற் சென்றார். வழி தவறி அலைந்து, தெருவில் நின்ற சிறுவன் ஒருவனைக் கேட்டு ஐன்ஸ்டைன் இல்லத்தை அடைந்தார். அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்டுக்கு ஐன்ஸ்டைன் கையொப்பமிட்ட புகழ்பெற்ற கடிதம் ஆகஸ்டு 2-ஆம் நாளிட்டுப் பிறந்தது. அதன் வழியே தொடங்கிய பணி வளர்ந்து, 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் சிக்காகோவில் முதல் அணு உலை இயங்கியது. கூடியிருந்தோர் கலைந்தபின் சிலார்டு பெர்மியின் கையைப் பற்றிக் குலுக்கினார். மனிதகுல வரலாற்றில் இந்நாள் கரிநாளாகும் என்னும் கருத்துப்பட அவரிடம் கூறினார்.

1945-ஆம் ஆண்டில் ஜெர்மனி வீழ்ந்தது. எவனுக்கு அஞ்சிக் குண்டு செய்யத் தொடங்கினரோ அவன் இல்லையாயினான். ஆயினும் வேலை நிற்கவில்லை. குண்டை எறிதல் தகாதெனவும், எறியின் நாடுகளிடையே அணுக்கருவிப் போட்டி மூளுமெனவும் சிலார்டு உரைக்க முயன்றார். ரூஸ்வெல்டுக்குத் தம் கருத்தை எட்டச் செய்ய முயன்றுகொண்டிருந்தபோது அவர் ஏப்ரல் 12-ஆம் நாள் இறந்தார். பின்னர் மே 28-ஆம் நாள் ஸ்பார்ட்டன்பர்க்கு நகரில் பைர்ன்சு என்னும் அரசியல் தலைவரைக் கண்டார், அவர் செவிகொடுக்கவில்லை. ஜூலைத் திங்களில் விண்ணப்பம் ஒன்று எழுதி, தாம் உட்பட 70 அறிவியலார் கையொப்பமிடச் செய்தார். அது தலைவர் ட்ரூமன் கைக்குச் சேரவேயில்லை. ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவும் 9-ஆம் நாள் நாகசாகியும் எரிந்தன. அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மாத்திரம் மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர் எனக் கணக்கிடுவர்.

ஒரு மனிதன் உள்ளம் உடைதற்கு இதனினும் மேலான காரணம் வேண்டுமோ? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டைக் கண்டவர். அதனைத் தடுக்கக் கருதி அதனையே விரைவுபடுத்தியவர். இறுதியில் மன்றாடியும் தோற்றவர். அவர்தம் குற்றம் யாது, குற்றமின்மை யாது என்று அறுதியிடுதல் எமக்கு அரிதாயிருக்கின்றது. ஹிட்லரைக் குறித்த அச்சம் பொய்யன்று. ஆயினும் ஒருமுறை உருட்டிய தேர் உருட்டினவன் கையில் நில்லாது என்பதும் பொய்யன்று.

தோல்விக்குப் பின்

இந்நிலையில் அவர் எங்ஙனம் நடந்துகொண்டார் என்பதே இக்கட்டுரையின் உயிர்நிலையாம். முதலாவது, அவர் உடனே அடுத்த வேலையைப் பார்த்தார். அணு ஆற்றலைப் படைத்துறையின் கையில் விடக் கருதிய சட்டத்தை எதிர்த்து வாஷிங்டனுக்கு ஓயாது நடந்தார். 1946-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குடிமக்கள் அமைப்பின்கீழ் வைத்தது. இறந்த நகரங்களை மீட்க அவரால் இயலாது. இறவாத நகரங்கள் எஞ்சியிருந்தன.

இரண்டாவது, தம் பொறுப்பை அவர் மறைக்கவில்லை. அடுத்த உலகப் போரில் இரஷ்யா வென்றதாகவும், போர்க்குற்றவாளியாகத் தாம் கூண்டிலேற்றப்பட்டதாகவும் புனைந்து 1949-ஆம் ஆண்டில் நகைச்சுவைக் கதையொன்றை வெளியிட்டார். பாட்டனார் பட்டியலில் தம் பெயரையும் எழுதிய கதை ஈண்டு நினைவுக்கு வருகின்றது. குற்றவுணர்ச்சியிற் புதைந்து செயலற்றுப் போவதும், எனக்கொன்றும் தெரியாது என்று கைகழுவுவதும் எளியவை. தம் பெயரையும் எழுதிவிட்டு மேலே வேலை செய்வது அரிது.

மூன்றாவது, அவர் உயிர்நூல் பக்கம் திரும்பினார். ஐம்பதை நெருங்கும் வயதில் மாணவரைப்போல் அமர்ந்து புதிய துறையைக் கற்று, நோவிக் என்பாரோடு சேர்ந்து, நுண்ணுயிர்களை ஒரே நிலையில் இடையறாது வளர்க்கும் கருவியை 1950-ஆம் ஆண்டில் அமைத்தார். அழிவையே சிந்திக்கும் உள்ளத்துக்கு வளர்வதைக் காணுதல் மருந்தாயிற்றுப் போலும். அவருக்கு ஓய்வு கொள்ளவும் தெரியும். காலையில் வெந்நீர்த் தொட்டியில் மணிக்கணக்காகக் கிடந்து சிந்திப்பார். இனிப்புப் பண்டங்களை விரும்பி உண்பார். 1940-ஆம் ஆண்டில் தமக்கென வகுத்துக்கொண்ட பத்துக் கட்டளைகளுள், ஆறாண்டு உழைத்தபின் ஏழாம் ஆண்டில் தனிமையையோ அயலாரையோ நாடவேண்டும் என்பதும் ஒன்று. ஓய்வுநாள் ஒழுங்கையும் ஏழாமாண்டில் நிலத்தைத் தரிசாக விடும் முறைமையையும் திருமறையிற் பயின்ற நமக்கு இது புதிதன்று. ஆயினும் தேர்வுக் காலத்தில் நாம் முதலில் மறப்பதும் இதுவே. அவருடைய நெடுநாளைய தோழியாகிய ட்ரூட் வைஸ் என்னும் மருத்துவ அம்மையாரை 1951-ஆம் ஆண்டில் மணந்தார்.

மழிகத்தியும் நோயும்

1960-ஆம் ஆண்டில் அவரைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றியது. அறுவைக்கு இசையாது, தமக்கு வேண்டிய கதிர்ச் சிகிச்சையைத் தாமே வகுத்து மருத்துவரைக் கொண்டு செய்வித்துக்கொண்டார். மருத்துவமனை அறையே அவர் அலுவலகமாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் நாள் நியூயார்க்கு வந்திருந்த இரஷ்யத் தலைவர் குருஷேவை இரண்டு மணி நேரம் கண்டு பேசினார். கையுறையாக அவர் கொண்டு சென்றது விலை குறைந்த மழிகத்தி ஒன்று. போர் மூளாதவரை அதற்குரிய அலகுகளைத் தாம் தவறாது அனுப்புவதாகக் கூற, போர் மூளின் எவரும் மழித்துக்கொள்ளமாட்டார் எனக் குருஷேவும் நகைத்தார். அன்று இருவரும் பேசியவற்றுள் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேர்த் தொடர்பு வேண்டும் என்பதும் ஒன்று. பிறரும் வற்புறுத்திய அக்கருத்து 1963-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உடன்படிக்கையாயிற்று. மரணப்படுக்கை என்று பிறர் கருதிய இடத்தினின்று எழுந்து சென்று ஒருவர் நகைச்சுவையோடு செய்த பணி இது.

1962-ஆம் ஆண்டு அக்டோபரில் கியூபா நெருக்கடி வந்தபோது, போர் திண்ணமென்றெண்ணி அவர் மனைவியாரோடு ஜெனீவாவுக்குப் பறந்துவிட்டார். நண்பர் சிலர் இதனைக் கோழைமை என்றனர். யாம் அவருக்குப் பரிந்து பேச முற்படவில்லை. 1933-ஆம் ஆண்டில் அவரைக் காத்த முன்னச்சமே 1962-ஆம் ஆண்டில் அவரை மிகையாக ஓடச் செய்தது. ஆயின் போர் வராமற் போகவே அவர் திரும்பிவந்து, விட்ட இடத்தில் வேலையைத் தொடர்ந்தார். நினிவே அழியும் எனக் கூறிய யோனா, மக்கள் மனந்திரும்பி நகர் பிழைத்தபோது தன் சொல் பொய்த்ததே என்று வெகுண்டு ஆமணக்கின் நிழலில் அமர்ந்தான். சிலார்டு அங்ஙனம் அமர்ந்தாரல்லர். தம் முன்னறிவு பொய்ப்பதே அவர் வேண்டியது.

அவ்வாண்டிலேயே அவர் தொடங்கிய கழகம், வாழத்தக்க உலகுக்கான மன்றம் என்னும் பெயரால் இன்றும் நடைபெறுகின்றது. அமைதியை நாடுவோர் தம் வருவாயில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஒதுக்கி, அணுப்போரைத் தடுக்க உழைக்கும் செனட்டர்களைத் தேர்ந்தெடுக்க உதவுதல் வேண்டும் என்பதே அதன் திட்டம். எல்லாவற்றையும் துறந்து வருமாறு அவர் எவரையும் அழைக்கவில்லை. நூற்றில் இரண்டே கேட்டார்.

1964-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், கலிபோர்னியாவில் லா ஹோயா என்னும் கடற்கரையூரில், உறக்கத்திலேயே மாரடைப்பால் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 66. அவரைப் பற்றிய புற்றுநோய் மீளவேயில்லை.

முடிவுரை

சிலார்டு மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. உலகில் இன்றும் ஏறத்தாழ 12,000 அணுக்கருவிகள் உள்ளன. கொள்ளைநோயும், வெப்பமிகும் வானும், மனிதர் கட்டுக்கு அடங்குமோ என அறிஞர் ஐயுறும் செயற்கை நுண்ணறிவும் புதிய கவலைகளாய் வந்து சேர்ந்தன. நம் வகுப்புகளிற் பயில்வோருட் சிலர் இக்கேடுகளைத் தடுக்கும் பணியை மேற்கொள்ளவும் கூடும். அவர்கள் சிலார்டினிடம் கற்கத்தக்கவை சில. அஞ்சவேண்டியதற்கு ஒரு நாள் முன்னரே அஞ்சுக. அஞ்சியபின் அமர்ந்துவிடாது பெட்டியைக் கட்டுக. கேட்டின் பரப்பை அளந்து களைப்பதினும், எஞ்சிய சிறு இடைவெளியை நாடுக. பிழைப் பட்டியலில் தம் பெயரையும் எழுதுக. வேலையையும் நகையையும் ஓய்வையும் ஒருங்கே கொள்ளுக. உலகு பிழைத்தால் நன்றி கூறுவார் எவருமிலர் என்பதையும் முன்னரே அறிந்து மகிழ்க.

இவற்றோடு கிறிஸ்தவராகிய யாம் ஒன்று கூட்டுவோம். உலகத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் நம் தோள்மேல் இல்லை. தாங்குவோன் ஒருவன் உளன். அஃது உழைப்பை விடுதற்குச் சாக்கன்று. இரவில் உறங்கி, காலையில் எழுந்து மீண்டும் உழைத்தற்குரிய ஆறுதல். இவ்வாறுதலை ஐயவாதியாகிய சிலார்டு பெற்றிலர். பெறாமலே அவர் அத்துணை செய்தார். பெற்ற நாம் எத்துணைச் செய்தல் வேண்டும்! நண்டு வளை கண்ட இடத்தில் ஒரு கூடை மண்ணாவது வைத்துச் செல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக.